ஆங்கிலத் தேர்வும் ஆசிரியர் உள்ளமும்



பள்ளித் தேர்வு என்றதும் பெற்றோர் கவலைப்படுகிறார்கள், மாணவர் அஞ்சுகிறார்கள், நாளேடுகள் எழுதுகின்றன, கல்வி அமைச்சு அறிக்கை விடுகிறது. ஆனால் ஆண்டு முழுவதும் பிள்ளைகளை ஆயத்தம் செய்து, தேர்வு மண்டபத்து வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புகிறாரே, அந்த ஆசிரியர் என்ன எண்ணுகிறார் என்பதை மட்டும் அதிகம் பேர் கேட்பதில்லை. இன்றைய பேச்சில் அதைக் கொஞ்சம் கேட்போம். எல்லாப் பாடங்களையும் எடுத்துக்கொண்டால் பேச்சு நீண்டுவிடும். ஆகையால், நம் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் நெடுங்காலம் பெரும் மனக்கலக்கத்தை உண்டாக்கி வந்த ஆங்கிலத் தாளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பொதுத் தேர்வு என்றால் என்ன? பெர்லிஸில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் ஜொகூரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே கேள்வித்தாளைக் கொடுத்து, ஒரே விதியின்படி திருத்திப் புள்ளி போடுவது. சொல்வதற்கு இவ்வளவுதான். இந்த ஏற்பாடு நம் நாட்டிற்குப் புதிதன்று. 1964-ஆம் ஆண்டுவரை இடைநிலைப்பள்ளிக்குள் நுழையவே ஒரு தேர்வு இருந்தது. அதில் தவறிய பிள்ளையின் படிப்பு பெரும்பாலும் அத்தோடு முடிந்தது. பிறகு அது நீங்கி, ஐந்தாம் வகுப்பு மதிப்பீட்டுத் தேர்வு வந்தது. 1988-இல் அதன் இடத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யு.பி.எஸ்.ஆர். வந்தது. கடைசியாக அத்தேர்வு நடந்தது 2019-இல். 2020-இல் நோய்த்தொற்றுக் காரணமாக அது நிறுத்தப்பட்டது. 2021-இல் முற்றாக நீக்கப்பட்டது. மூன்றாம் படிவத்துக்கென 2014-இல் தொடங்கிய பி.தி.3 தேர்வும் 2022-இல் நீங்கியது. ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு நின்று நிலைத்தது.

இந்தத் தேர்வுகளைப் பற்றி ஆசிரியர்களைக் கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் எதிர்ப்பார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மை அப்படி இல்லை. ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு வந்தால் தேநீர் ஆறிப்போகும், பேச்சு ஆறாது.

முதலில் தேர்வு வேண்டும் என்பவர்களின் சொல்லைக் கேட்போம். அவர்களில் பலர் தோட்டப்புறப் பள்ளிகளில் நரைத்தவர்கள். நம்மோடு பணியாற்றிய மூத்த ஆசிரியர் ஒருவர் அடிக்கடி ஒன்று சொல்வார். கேள்வித்தாளுக்குப் பிள்ளையின் தகப்பன் மண்டோரா மேனேஜரா என்று தெரியாது என்பார். பால்மரம் வெட்டியவரின் மகளும் பட்டணத்து வழக்கறிஞரின் மகனும் ஒரே வட்டத்தைத்தான் பென்சிலால் கருமையாக்க வேண்டும். திருத்துபவர் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறார். பரிந்துரைக் கடிதமும் தெரிந்த மனிதரும் இல்லாத குடும்பத்துக்கு அந்த ஏ என்ற ஓரெழுத்துதான் சாட்சி. அதையும் எடுத்துவிட்டால் ஏழைப் பிள்ளை எதைக் காட்டி விடுதிப் பள்ளிக்கும் நல்ல வகுப்புக்கும் இடம் கேட்பான்? இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. தேர்வை வெறுக்கிற ஆசிரியர்கூட இதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் தயங்குவதை நாம் பார்த்திருக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. ஆசிரியரும் மனிதர்தாம். தம் வகுப்புப் பிள்ளைகளைத் தாமே அளக்கும்போது கை கொஞ்சம் தாராளமாகிவிடும். அல்லது ஒரு பிள்ளையின் குறும்பு அவனுடைய புள்ளியில் இறங்கிவிடும். வெளியிலிருந்து வரும் தாள் அந்தத் தவற்றைத் திருத்துகிறது. தாம் நன்றாகக் கற்பித்துவிட்டோம் என்று நம்பியிருந்த பகுதியில் வகுப்பே சறுக்கியிருப்பதைத் தேர்வு முடிவில் கண்டு, மறு ஆண்டு முறையை மாற்றிக்கொண்ட ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

சரி, பிறகு எங்கே வலிக்கிறது?

ஆங்கிலம் ஒரு மொழி. மொழி என்பது கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது ஆகிய நான்கும் சேர்ந்தது. ஆனால் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நாளன்று ஆங்கிலத் தாளில் ஏ வாங்கப் பிள்ளை வாய் திறந்து ஒரு சொல்லும் பேச வேண்டியிருக்கவில்லை. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே விதமாகத் திருத்தக்கூடியது எதுவோ அதைத்தான் தேர்வு கேட்க முடியும். வட்டத்தைக் கருமையாக்குவதைப் பொறி திருத்திவிடும். பிள்ளை அடுத்த வீட்டுக்காரரிடம் ஆங்கிலத்தில் வழி சொல்வதை எந்தப் பொறி திருத்தும்? ஆக, அளக்க எளிதானது தாளில் ஏறியது. அளக்கக் கடினமானது வெளியே நின்றது. தாளில் இல்லாதது மெல்ல மெல்ல வகுப்பறையிலிருந்தும் மறைந்தது. இதை யாரும் ஆணையிட்டுச் செய்யவில்லை. ஜூன் மாதம் வந்ததும் பாடநூல் பைக்குள் போய்விடும். கடையில் வாங்கிய பயிற்றி மேசைமேல் வந்துவிடும். செப்டம்பர்வரை அதுதான் ஆங்கிலம்.

படங்களைப் பார்த்துக் கதை எழுதும் பகுதி ஒன்று அந்தத் தாளில் இருந்தது. நல்ல எண்ணத்தோடு வைத்ததுதான். பிள்ளையின் கற்பனையை வெளிக்கொணர்வது அதன் நோக்கம். அதை நாம் என்ன செய்தோம்? ஒரு கதையை நாமே எழுதி, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொன்னோம். ஒரு சிறுவன் ஆற்றங்கரைக்குப் போகிறான், கூக்குரல் கேட்கிறது, குதித்துக் காப்பாற்றுகிறான், தலைமையாசிரியர் சபைகூடலில் பாராட்டுகிறார். தொடக்கமும் முடிவும் எந்தப் படத்துக்கும் பொருந்தும்படி அமைத்திருந்தோம். ஓர் ஆண்டு முன்னோட்டத் தேர்வில் தீப்பிடித்த வீட்டின் படம் வந்தது. பிள்ளைகளில் ஐந்தாறு பேர் எரிகிற வீட்டுக்குள் நீந்திப்போய் ஆளைக் காப்பாற்றியிருந்தார்கள். ஆசிரியர் அறையில் நாம் எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு அந்தத் தாள்களை எடுத்துப் பார்த்தால், எழுத்துப் பிழையே இல்லை. இலக்கணப் பிழையும் குறைவு. அந்தப் பிள்ளைகளுக்கு அந்த வாக்கியங்களின் பொருள் தெரியாது என்பது மட்டும் தெரிந்தது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு இதில் தனி வருத்தம் ஒன்றும் இருந்தது. நம் பிள்ளைக்குத் தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகள். தேசியப் பள்ளிகளில் ஆங்கிலத்துக்குக் கிடைக்கும் நேரத்தைவிடத் தேசிய வகைப் பள்ளிகளில் கிடைக்கும் நேரம் குறைவு. ஆனால் சான்றிதழில் விழும் எழுத்து ஒன்றே. அதைப் பார்ப்பவர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் படித்தாய் என்று கேட்பதில்லை. பட்டணத்தில் வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்து, மாலையில் பிரத்தியேக வகுப்புக்கும் போகிற பிள்ளைக்குத் தாளின் பாதி பழகிய பாதை. தோட்டத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் காதில் விழும் ஒரே இடம் வகுப்பறை. ஒரே அளவுகோல் என்பது நியாயம்தான். ஓட்டம் தொடங்கும் கோடு ஒன்றாக இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி, ஆசிரியர்கள் வெளியே அதிகம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறோம். தேர்வு பிள்ளையை மட்டும் அளக்கவில்லை, பள்ளியையும் அளந்தது. ஏ-க்கு ஒன்று, பி-க்கு இரண்டு என்று எண் கொடுத்துச் சராசரி எடுப்பார்கள். அந்த எண் சிறியதாக இருந்தால் பள்ளி உயர்ந்தது. சென்ற ஆண்டைவிட எண் பெருத்துவிட்டால் தலைமையாசிரியர் கூட்டத்தில் எழுந்து விளக்கம் சொல்ல வேண்டும். அவர் திரும்பி வந்து ஆறாம் ஆண்டு ஆசிரியரிடம் விளக்கம் கேட்பார். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஒவ்வொருவருக்கும் மேலே ஒருவர் இருந்தார்.

இந்த எண்ணைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஆண்டுத் தொடக்கத்திலேயே பிள்ளைகளை மூன்றாகப் பிரிப்பது. நிச்சயம் தேறுபவர்கள் ஒரு பக்கம். கோட்டுக்குச் சற்றுக் கீழே தொங்குகிறவர்கள் ஒரு பக்கம். என்ன செய்தாலும் தேறமாட்டார்கள் என்று நாம் முடிவுகட்டியவர்கள் ஒரு பக்கம். நடுவில் உள்ளவர்களைத் தூக்கிவிட்டால் எண் உடனே மாறும். ஆகவே கூடுதல் வகுப்பும், மதிய உணவும், சனிக்கிழமைப் பயிற்சியும் அவர்களுக்கே. மூன்றாம் பக்கத்தவர் பின்வரிசை.

நாம் பணியாற்றிய ஒரு பள்ளியில் அப்படிப் பின்வரிசையில் ஒரு பையன் இருந்தான். துறுதுறுவென்று இருப்பான். வகுப்பு நடக்கும்போது சத்தம் போடாமல் இருக்கட்டும் என்று அவனுக்கும் அவன் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் படம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து வர்ணம் பூசச் சொல்வோம். ஆறாம் ஆண்டு முழுவதும் ஆங்கிலப் பாட நேரத்தில் அவன் செய்தது பெரும்பாலும் அதுதான். தேர்வு முடிவில் இ வந்தது. யாரும் வியப்படையவில்லை. அவ்வாண்டு பள்ளியின் சராசரி எண் குறைந்தது. நமக்குப் பாராட்டுக் கிடைத்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் விருந்தும் வைத்தார்கள்.

பல ஆண்டுகளுக்குப் பின் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்குள் நுழைந்தோம். ஓர் இளைஞர் வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் பெட்டியைத் திறந்து காட்டி, எங்கே வாயு கசிகிறது, எதை மாற்ற வேண்டும், எவ்வளவு ஆகும் என்று ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். வந்தவர் கேட்கும் கேள்விக்கெல்லாம் தடுமாறாமல் பதில். நம்மைப் பார்த்ததும், “சார், என்னை ஞாபகம் இருக்கா?” என்றார். அந்தப் பையன்தான். கடையில் வேலைக்குச் சேர்ந்து, வாடிக்கையாளர்களிடம் கேட்டுக் கேட்டுப் பேசப் பழகினாராம். காப்பி வாங்கிக் கொடுத்தார். பேச்சுவாக்கில், “ஆங்கில நேரத்துல நீங்க எனக்கு வர்ணம் பூசத் தாள் கொடுப்பீங்க சார்” என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை; பழைய நினைவாகச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நமக்குக் காப்பி இறங்கவில்லை.

இதைச் சொல்லித் தேர்வு பொய் என்று வாதாட நாம் வரவில்லை. தேர்வு அவரைப் பற்றிச் சொன்னது அன்றைக்கு உண்மையே. அவருக்கு அப்போது ஆங்கிலம் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு நாம் செய்ததுதான் பிழை. காய்ச்சல் பார்க்கும் கருவி நூற்று மூன்று என்று காட்டினால் மருந்து கொடுக்க வேண்டும். நாம் அந்த நோயாளியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம்.

அளவுகோலின்மீது அவ்வளவு பாரம் ஏற்றினால் அது வளையும். 2014-இல் என்ன நடந்தது என்பது பலருக்கு நினைவிருக்கலாம். யு.பி.எஸ்.ஆர். கேள்விகள் முன்கூட்டியே வெளியே கசிந்துவிட்டன. அறிவியல் தாளையும் ஆங்கிலத் தாளையும் நாடு முழுவதும் பிள்ளைகள் செப்டம்பர் 30-ஆம் நாள் மறுபடியும் எழுத நேர்ந்தது. தேர்வு முடிந்தது என்று புத்தகத்தைத் தூக்கி வைத்துவிட்ட பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை மீண்டும் உட்காரவைக்க ஆசிரியர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கேள்வித்தாள் விலைபோகிற பொருளாக ஆகிவிட்டதே என்பதுதான் பலரையும் வருத்தியது.

2016-இல் தேர்வின் அமைப்பை மாற்றினார்கள். ஆங்கிலம், கருத்துணர்தல் என்றும் எழுத்து என்றும் இரண்டு தனிப் பாடங்களாயிற்று. சிந்தித்து விடையளிக்கும் கேள்விகள் கூடின. மனப்பாடத்தைத் தடுப்பது நோக்கம். முடிவு வந்தபோது, எல்லாப் பாடங்களிலும் ஏ பெற்றவர்கள் நாடு முழுவதற்கும் 5,000 பேருக்கும் குறைவு. முந்திய ஆண்டோடு ஒப்பிட்டால் பெருஞ்சரிவு. பெற்றோர் திகைத்தார்கள். ஆசிரியர்களில் சிலர், இதுதான் உண்மை நிலவரம், இப்போதாவது தெரிந்ததே என்றார்கள். வேறு சிலர், பிள்ளைகள் ஒரே ஆண்டில் மந்தமாகிவிடவில்லை, கோல்தான் மாறியது என்றார்கள். இரு சாராரும் சொன்னது சரியென்றே நமக்குப் படுகிறது.

அந்தக் கோல் நம் பக்கமும் திரும்பியது. 2012-இல் ஆங்கில ஆசிரியர்களுக்கே மொழித்தேர்வு வைத்தார்கள். பல்லாண்டு கற்பித்தவர்கள், தாம் கற்பித்த பிள்ளைகளைப் போலவே, கேள்விகளின் முன் உட்கார்ந்தார்கள். எதிர்பார்த்த நிலையை எட்டாதவர்கள் பலர். நாளேடுகள் எழுதின, பெற்றோர் படித்தார்கள். மறுநாள் வகுப்பில் நுழையக் கூச்சப்பட்டவர்கள் உண்டு. ஆனால் ஒரு நன்மையும் விளைந்தது. ஒரு நாள் காய்ச்சலோ வீட்டுக் கவலையோ ஒரு தாளில் எவ்வளவு வேலை செய்யும் என்பது நமக்கு நம் உடம்பிலேயே தெரிந்தது.

எஸ்.பி.எம். ஆங்கிலத் தாளுக்கு வருவோம். 1119 என்ற எண்ணால் அழைக்கப்படும் அந்தத் தாளுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் நெடுநாள் தொடர்பு. எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய்மொழியில் தேர்ச்சி வேண்டும்; 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி வேண்டும். ஆங்கிலத்தையும் 2016-இலிருந்து கட்டாயத் தேர்ச்சிப் பாடமாக்கப்போவதாக அறிவித்தார்கள். பிறகு 2015-இல் அதனை ஒத்திவைத்தார்கள். அப்போது ஆசிரியர்களிடையே எழுந்த நிம்மதிக்குக் காரணம் சோம்பல் அன்று. ஆங்கில ஆசிரியர் போதாத உட்புறப் பள்ளிகளில், மற்றப் பாடங்களில் நன்கு தேறிய பிள்ளை இந்த ஒன்றினால் சான்றிதழே இல்லாமல் நிற்பானே என்ற அச்சம்தான் காரணம்.

ஆசிரியர்கள் வரவேற்ற மாற்றமும் உண்டு. ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட மொழித்தர அளவை நம் நாடு ஏற்றுக்கொண்டு, 2017 முதல் வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. ஏ1-இலிருந்து சி2 வரை ஆறு படிகள். மொழியைக் கொண்டு ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதே அதன் கேள்வி: தம்மை அறிமுகம் செய்துகொள்ள முடியுமா, எளிய அறிவிப்பைப் படித்துப் புரிந்துகொள்ள முடியுமா, கருத்தை வாதிட்டு நிறுவ முடியுமா என்று. இதையொட்டி 2021-ஆம் ஆண்டு எஸ்.பி.எம். தொட்டு ஆங்கிலம் நான்கு தாள்களாயிற்று: வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல். பேச்சுத் தேர்வில் மாணவர்கள் இருவர் இருவராகத் தேர்வாளர்முன் உட்கார்ந்து பேச வேண்டும். வாயே திறக்காமல் தேறிய காலம் போயிற்று. இதனால் வகுப்பில் பேச்சுக்கு மீண்டும் இடம் கிடைத்தது என்று பல ஆசிரியர்கள் மகிழ்கிறார்கள். தேர்வில் இருப்பதைத்தான் வகுப்பு பின்பற்றும் என்றால், தேர்வில் நல்லதை வைத்தால் வகுப்பும் நல்லதைப் பின்பற்றும் அல்லவா?

குறை இல்லாமல் இல்லை. அந்தத் திட்டத்தோடு தொடக்கத்தில் இங்கிலாந்துப் பதிப்பகங்களின் பாடநூல்கள் வந்தன. அவற்றில் வரும் பெயர்களும் பருவங்களும் உணவும் நம் பிள்ளைக்கு அயல். தகரக் கூரையுள்ள மண்டபத்தில் மழை கொட்டினால் ஒலிபெருக்கியில் வருவது காதில் விழுமா என்ற கவலையும் கேட்டல் தேர்வோடு கூடவே வந்தது. பேச்சுத் தேர்வுக்கும் மனப்பாடம் செய்யப் பதில்களைத் தயாரித்து விற்கிறவர்கள் இருக்கத்தானே செய்வார்கள்!

ஆறாம் ஆண்டுத் தேர்வு நீக்கப்பட்டபோது நம்மில் பலர் பெருமூச்சு விட்டோம். அதன் இடத்தில் வகுப்பறை மதிப்பீடு வந்தது. ஆசிரியரே ஆண்டு முழுதும் பிள்ளையைக் கவனித்து, ஒன்றிலிருந்து ஆறுவரை அடைவுநிலை குறிக்க வேண்டும். இதைத்தானே நாம் கேட்டோம்? ஆம். ஆனால் நாற்பது பிள்ளைகளைத் தனித்தனியே கவனித்துக் குறித்து வைப்பது வேறு வேலை என்பது கையில் எடுத்த பிறகு தெரிந்தது. பெற்றோருக்கோ அந்த எண்ணின் பொருள் விளங்கவில்லை. அடைவுநிலை மூன்று என்றால் என் பிள்ளை பரவாயில்லையா, மோசமா என்று கேட்கிறார்கள். முன்பு பி என்றால் அவர்களுக்குப் புரிந்தது. தேர்வு திரும்பி வந்தால் தேவலை என்று சொல்லும் பெற்றோர் பலர். அப்படிச் சொல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். முன்னே குறிப்பிட்ட அந்த மூத்த ஆசிரியர் இன்று பணியில் இருந்திருந்தால் முதல் ஆளாகச் சொல்லியிருப்பார்.

நம்மைக் கேட்டால், பொதுத் தேர்வு ஒன்று இருக்கட்டும் என்போம். அதன் முடிவைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் கொடுங்கள், பள்ளியைத் தூக்கிலிடும் கயிறாக மட்டும் ஆக்காதீர்கள் என்போம். முடிவைக் கண்டு பின்வரிசைக்கு ஓர் ஆசிரியரைக் கூடுதலாக அனுப்புவதாக இருந்தால், இன்னும் இரண்டு தேர்வு வைத்தாலும் நமக்கு வருத்தமில்லை. சக ஆசிரியர்களில் பலர் இதை ஒப்பமாட்டார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளையின் மதிப்பீட்டு அறிக்கையை வாங்கப் பள்ளிக்குப் போகும்போது எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று அறிக்கையில் தனித்தனியே இருக்கும். எது தாழ்ந்திருக்கிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். சென்ற முறையைவிட இம்முறை எதை அவன் புதிதாகச் செய்கிறான் என்று கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் கேட்கலாம். ஆசிரியர் தமிழிலேயே சொல்வார். வீட்டில், அவன் இதுவரை பார்த்திராத ஒரு பத்தியை, மருந்துப் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் குறிப்பாக இருந்தாலும் சரி, படிக்கச் சொல்லி, அதன் பொருளைத் தமிழில் கேளுங்கள். சரியாகச் சொன்னால் வாசிப்பு வந்துகொண்டிருக்கிறது. படித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தால், மறுவாரமே பள்ளிக்குப் போய் அதை ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவன் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறான் என்பதையும் அப்படியே எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.